கடைகளில் குடும்பப் பார்க்கிங்: யார் நிறுத்தலாம், எப்படி நிறுத்துவது, தகராறு வந்தால் என்ன செய்வது – முழுமையான வழிகாட்டி

கைக்குழந்தையைக் கார் சீட்டிலிருந்து, அதாவது காரில் பொருத்தும் குழந்தை இருக்கையிலிருந்து, எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அது அவசரத்துக்கு ஆகிற வேலை இல்லை. பின்கதவை அகலத் திறக்க வேண்டும். இடுப்பை வளைத்து, பாதி உடம்பை உள்ளே நுழைக்க வேண்டும். குழந்தையின் கால்களுக்கு நடுவே இருக்கும் சிவப்புப் பொத்தானைப் பெருவிரலால் அழுத்தி பக்கிளைக் கழற்ற வேண்டும். பிஞ்சு விரல்கள் திறந்துவிடக் கூடாது என்று அதைக் கடினமாகத்தான் செய்திருக்கிறார்கள். தோள் வார்களிலிருந்து கைகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பிறகு ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, தலை கதவு விளிம்பில் இடித்துவிடாமல் வெளியே எடுக்க வேண்டும்.

பக்கத்தில் இன்னொரு கார் நின்றால் அந்தக் கதவு பாதிதான் திறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் வழக்கமான பார்க்கிங் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர். நடுத்தரக் கார் ஒன்றின் அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே, சுமார் 1.8 மீட்டர். இரண்டு கார்களும் அவரவர் கட்டத்தின் நட்டநடுவில் நின்றாலும் இடையில் மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். ஐ-சைஸ் என்ற அளவுமுறையில் வரும் குழந்தை சீட் 44 சென்டிமீட்டர் அகலம் வரை இருக்கும். திறந்த கதவு, அந்த சீட், அதைத் தூக்கும் ஆள், மூன்றும் 60 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அடங்காது.

சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கென்று கடைகள் அகலமாக ஒதுக்கிவைக்கும் குடும்பப் பார்க்கிங் இடம் பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான். அதைப் பலர் வாசலுக்குப் பக்கத்தில் கிடைக்கும் சலுகை என்று நினைக்கிறார்கள். எல்லாத் தகராறும் அந்த நினைப்பிலிருந்து கிளம்புகிறது. "எனக்கும் குடும்பம் இருக்கே, நானும் நிறுத்தலாமே" என்பவர் நடை மிச்சம் என்று பார்க்கிறார். குழந்தையோடு வருகிறவருக்கு வேண்டியது நடை மிச்சம் இல்லை, கதவு அகலம். கடையின் கடைக்கோடி மூலையில் அகலமான இடம் கிடைத்தாலும் அவர் சந்தோஷமாக அங்கே போவார்.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்: கதவை முழுதாகத் திறந்தால்தான் இறக்கவோ ஏற்றவோ முடிகிற குழந்தை இந்த முறை, இந்தக் காரில் உண்டா?

படி 1: முதலில் பலகையைப் படியுங்கள்

சக்கர நாற்காலிச் சின்னத்தை உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரியும். டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் 1968-இல் வரைந்த வடிவத்திலிருந்து வந்தது அது. குடும்பப் பார்க்கிங்குக்கு அப்படி எங்கும் செல்லுபடியாகிற ஒரே சின்னம் கிடையாது. ஒரு கடையில் தள்ளுவண்டி வரைந்திருக்கும். இன்னொன்றில் குழந்தையின் கையைப் பிடித்த பெரியவர், வேறொன்றில் வயிறு பெருத்த கர்ப்பிணி. யாருக்காக ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் இரண்டு வரிதான் சொல்லும். வண்டியை உள்ளே விடுவதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான இடங்களில் குடும்பப் பார்க்கிங் என்பது கடைக்காரர் தம் நிலத்தில் தாமாக வைத்த ஏற்பாடு. போக்குவரத்துச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அந்த இடங்களுக்குப் பக்கத்தில் குறைந்தது 5 அடி காலி இடம் விட வேண்டும் என்று அளவு வரைக்கும் சொல்கின்றன.

விதிவிலக்குகளும் உண்டு. இத்தாலி 2021-இல் சாலைச் சட்டத்தைத் திருத்தி, 'இளஞ்சிவப்பு' இடங்கள் என்று அழைக்கப்படும் பார்க்கிங்கைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. கர்ப்பிணிகளுக்கும் 2 வயது வரையிலான குழந்தையின் பெற்றோருக்கும் உரியது அது. அதற்கென்று தனி அனுமதி அட்டை உண்டு. தென்கொரியாவின் சோல் நகரம் 2009-இல் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடங்களை 2023-இல் குடும்பங்களுக்கான இடங்களாக மாற்றியது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள், நடமாடச் சிரமப்படும் முதியவர்கள் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். பெண் என்பதற்காக ஒதுக்கியதை, இறங்கி ஏறச் சிரமப்படுகிறவர் என்பதற்காக ஒதுக்கியதாக மாற்றிய அந்த முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது.

போலீஸ் அபராதம் இல்லை என்பதற்காகத் தண்டமே கிடையாது என்று எண்ண வேண்டாம். தனியார் நிலத்தில் பலகையில் எழுதியிருப்பது, நிறுத்துகிறவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமாகவே சில நாடுகளில் பார்க்கப்படுகிறது. ஒரு கடைவளாகத்தில் நேரம் கடந்து நிறுத்தியவருக்கு விதித்த 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பலகையில் தொகை எழுதியிருந்தால் அதை வாங்கும் எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள்.

படி 2: நமக்கு அந்த இடம் வேண்டுமா என்று பாருங்கள்

பலகை தெளிவாகச் சொன்னால் அதுதான் முடிவு. சொல்லாத இடத்தில் நம் மனசாட்சியைக் கேட்க வேண்டியதுதான். வழக்கமாக இழுபறி வரும் சில நிலைமைகளைப் பார்ப்போம்.

குழந்தை வீட்டில் இருக்கிறது, நான் டயப்பர் வாங்க வந்திருக்கிறேன். வாங்குவது குழந்தைக்கு என்றாலும் இறக்க வேண்டிய குழந்தை காரில் இல்லை. சாதாரண இடத்துக்குப் போங்கள். பின் சீட்டில் காலியான கார் சீட் இருப்பதைக் காட்டிக் கணக்குத் தீர்க்கக் கூடாது.

குழந்தை காரில் இருக்கிறது, ஆனால் இறங்கப் போவதில்லை. பாட்டியோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், நான் மட்டும் போய் வருவேன். அப்போதும் வேண்டாம். கதவே திறக்கப் போவதில்லையே.

இதற்கு நேர் எதிரானது ஒன்று உண்டு. நான் தனியாக வருகிறேன். குழந்தையும் அதன் அம்மாவும் ஏற்கெனவே கடைக்குள் இருக்கிறார்கள், அவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு இது அத்துமீறல். ஆனால் திரும்பும்போது குழந்தையை வாரில் பூட்ட அந்த அகலம் தேவை. தாராளமாக நிறுத்தலாம்.

பலகையில் 'தாய்-சேய்' என்று எழுதியிருந்தால் அப்பாக்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. தாத்தாவுக்கும், சித்திக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வருகிறவருக்கும் இது பொருந்தும். யார் தூக்கினாலும் சீட்டின் அகலம் அதேதான்.

கர்ப்பிணி தனியாக வந்தால்? கடைசி மாதங்களில் 60 சென்டிமீட்டர் இடுக்கில் வயிற்றை நுழைத்து இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். பலகை தடுக்காத வரை அவர் நிறுத்துவதுதான் நியாயம். பலகை குழந்தைகளுக்கு மட்டும் என்று சொன்னால், வாசலில் இருக்கும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

வயதுதான் அதிகம் சண்டை வருகிற இடம். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குக் கார் சீட் கட்டாயம். அந்த 12-ஐயே சில கடைகளும் பார்க்கிங்குக்கு எல்லையாக வைக்கின்றன. விதிப்படி 11 வயதுப் பிள்ளையோடு நிறுத்தலாம். ஆனால் 11 வயதுப் பிள்ளை தானே பெல்ட்டைக் கழற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்து இறங்கிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு குடும்ப இடம்தான் காலி என்றால், பின்னால் வரும் காரில் 3 மாதக் குழந்தை இருக்கலாம். விதி அனுமதித்தாலும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கூட்டமில்லாத நேரத்தில் அது பெரிய விஷயம் இல்லை.

வயதில் பெரிய பிள்ளைக்கு உடல்நலச் சிக்கல் இருந்தால் கணக்கு வேறு. தானாக உட்கார முடியாத 14 வயதுப் பிள்ளையை இறக்குவதற்குக் கைக்குழந்தையை இறக்குவதை விடவும் அகலம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான முறையான பார்க்கிங் அட்டை இருந்தால் அவர்களுக்கான இடம் இன்னும் வசதி. அட்டை கைக்கு வராத நிலையில் குடும்ப இடத்தில் நிறுத்துகிறவரைக் குறை சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

படி 3: வண்டியை உள்ளே விடும்போது

சிறு பிள்ளைகள் அதிகம் நடமாடும் இடம் இது. காரின் பின்பக்கத்தை ஒட்டி நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாமல் போகலாம். அதனால் இங்கே பின்னால் எடுத்துக்கொண்டு வெளியே போவதைவிட, பின்னால் எடுத்து உள்ளே நிறுத்தி, போகும்போது முன்பார்வையோடு வெளியே போவதே மேல். நிறுத்தும்போது காலி இடத்தைப் பார்த்துப் பார்த்து நுழைக்கிறோம். கிளம்பும்போது அழுகிற குழந்தையும் அவசரமும் சேர்ந்து கவனத்தைச் சிதறடிக்கும். கேமராவும் சென்சாரும் இருந்தாலும் இதை மாற்ற வேண்டாம்.

கட்டத்தின் தலைமாட்டில் நடைபாதை இருந்தால் இன்னொரு லாபம்: டிக்கி நடைபாதைப் பக்கம் வரும், தள்ளுவண்டியைக் கார்கள் போய்வரும் ஓடுபாதையில் நின்று இறக்க வேண்டியதில்லை. சுவர் இருந்தால் டிக்கி திறக்கும் அளவு இடைவெளி விட மறக்காதீர்கள். நடைபாதை மேல் காரின் பின்பாகம் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த வழியாகத்தான் இன்னொருவர் தள்ளுவண்டி போக வேண்டும்.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோடு கோடாக வரைந்த பட்டை இருந்தால் அது இரண்டு காருக்கும் பொது. ஒரு சக்கரம்கூட அதன் மேல் ஏறக் கூடாது. நாம் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் பக்கத்துக் காரின் குழந்தைக்கு அத்தனையும் நஷ்டம். பட்டை இல்லாத இடத்தில், குழந்தை சீட் இருக்கும் பக்கம் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிற மாதிரி கோட்டுக்குள்ளேயே ஒதுங்கி நிறுத்துங்கள்.

பக்கத்துக் காரை ஒரு பார்வை பாருங்கள். அதன் பின்சீட்டில், நம் பக்கமாக, கார் சீட் தெரிகிறதா? தெரிந்தால் அந்தப் பக்கம் நெருங்காமல் விடுங்கள். ஒருமுறை தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கடையிலிருந்து திரும்பியபோது, என் காரின் பின்கதவு ஒரு சாண்தான் திறந்தது. கதவின் அந்தப் பக்கம் பெரிய வண்டி ஒன்று கோட்டை மிதித்து நின்றது. மறுபக்கக் கதவு வழியாக முழங்காலிட்டு ஏறி, சீட்டின் குறுக்கே நகர்ந்து, ஒரு கையால் தலையைப் பிடித்தபடி வாரைப் பூட்டினேன். பட்டை முறுக்கிக்கொண்டது. கழற்றி மறுபடி மாட்டினேன். குழந்தை விழித்து வீறிட்டது. அந்த வண்டிக்காரர் ஒரு முறை நம் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

படி 4: இறக்கும் வரிசை

ஒரே குழந்தை என்றால் எளிது. முதலில் தள்ளுவண்டியையோ டிராலியையோ கொண்டுவந்து காருக்கு இணையாக நிறுத்தி, பிரேக் போட்டு, பிறகு குழந்தையை எடுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் தள்ளுவண்டியை விரிக்கப் பார்ப்பதுதான் அவதியின் ஆரம்பம்.

இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஓடுகிற பிள்ளை கடைசியில் இறங்க வேண்டும், முதலில் ஏற வேண்டும். கைக்குழந்தையை வண்டியில் பூட்டி முடித்த பிறகே மூத்ததின் பக்கிளைத் தொடுங்கள். திரும்பும்போது மூத்ததை முதலில் உட்காரவைத்துப் பூட்டிவிட்டு, அப்புறம் கைக்குழந்தை.

இறங்கிய பிள்ளை நாம் கதவைப் பூட்டும் அந்தப் பத்து நொடியில்தான் ஓடும். அதற்கு நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். "கை எங்கே?" என்று நாம் கேட்க, "கார்ல!" என்று அது சொல்ல வேண்டும். நாலு நாள் தொடர்ந்து செய்தால் ஐந்தாம் நாள் கேட்காமலே கை போய் ஒட்டிக்கொள்ளும். மூடி ஓடுபாதைப் பக்கம் இருந்தால் மறுபக்கக் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதைத் தொடச் சொல்லலாம்.

கதவை விளிம்போடு பிடித்துக்கொண்டே திறங்கள். அகலமான இடம்தானே என்று பிள்ளையின் கையில் கதவை விட்டால், காற்றடிக்கும் நாளில் அது பக்கத்துக் காரில் போய் மோதும். மோதிவிட்டால் பேரும் எண்ணும் எழுதிக் கண்ணாடியில் செருகிவைத்துவிட்டுப் போவதுதான் முறை.

படி 5: திரும்பி வந்து ஏற்றும்போது

டிராலியை என்ன செய்வது என்பதில்தான் நல்ல மனசுக்காரர்களும் தடுமாறுகிறார்கள். குழந்தையைக் காரில் பூட்டியாகிவிட்டது, டிராலி ஸ்டாண்ட் நாற்பது அடி தள்ளி இருக்கிறது. காலி டிராலியை அந்தக் கோடு போட்ட பட்டையில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து வருகிறவர் காரை உள்ளே விட முடியாமல், குழந்தையைக் காரில் வைத்துவிட்டு இறங்கி வந்து அதை நகர்த்த வேண்டும்.

வரிசையை மாற்றினால் இந்தச் சிக்கல் வராது. குழந்தை டிராலியிலேயே பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கட்டும். ஒரு கால் டிராலிச் சக்கரத்தை முட்டுக்கொடுத்தபடி, பைகளை டிக்கியில் ஏற்றுங்கள். காரைப் பூட்டிவிட்டு, டிராலியோடும் குழந்தையோடும் ஸ்டாண்டுக்குப் போங்கள். டிராலியை விட்டுவிட்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்புங்கள். இந்தக் காரணத்தால்தான், தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், வாசலுக்குப் பக்கத்து இடத்தைவிட டிராலி ஸ்டாண்டுக்குப் பக்கத்து இடத்தை எடுக்கச் சொல்வேன்.

குழந்தையைக் காரில் விட்டுவிட்டு "ஒரு நிமிஷம்தானே" என்று எதற்கும் மீண்டும் கடைக்குள் போகாதீர்கள். பில்லில் தப்பு இருந்தாலும், ஒரு பை கவுன்டரிலேயே தங்கிவிட்டாலும் சரி. வெளியே 22 டிகிரி என்கிற இதமான நாளிலும், வெயிலில் நிற்கும் காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டலாம். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கண்ணாடியை விரல் அளவு இறக்கிவைப்பதால் பெரிய பலன் இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு வேகமாகச் சூடேறும். மறந்த பை போகட்டும்.

ஏற்றி முடித்ததும் கிளம்புங்கள். போனில் வந்த செய்திக்குப் பதில் எழுதுவதையெல்லாம் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பசியில் அழும் குழந்தைக்குப் பால் கொடுப்பது இதில் சேராது. அதற்கு எவ்வளவு நேரமானாலும் அங்கேயே உட்கார்ந்து நிதானமாகக் கொடுங்கள், காத்திருப்பவர் காத்திருக்கட்டும். ஆனால் குழந்தை தூங்கிவிட்டது, எழும்வரை காரிலேயே இருக்கலாம் என்றால், தூரத்து மரநிழலுக்கு வண்டியை மாற்றிவிடுங்கள். தூங்குகிற குழந்தைக்குக் கதவு அகலம் வேண்டாம். கழற்றிய டயப்பரை மட்டும் தரையில் போடாதீர்கள். அதே இடத்தில்தான் அடுத்த குழந்தை இறங்கும்.

படி 6: எல்லா இடமும் நிரம்பியிருந்தால்

மாற்றுத்திறனாளி இடம் காலியாகத் தெரிந்தாலும் அது நமக்கு இல்லை. ஐந்து நிமிஷத்துக்கும் இல்லை, ஹசார்டு லைட் போட்டுக்கொண்டும் இல்லை. அதற்குப் பக்கத்தில் கோடு போட்ட பட்டையும் அப்படியே. சக்கர நாற்காலி இறங்கும் சாய்பலகை அங்கேதான் விழும். பட்டையில் கார் நின்றால் வண்டிக்குள் இருப்பவரால் வெளியே வரவே முடியாது. வெளியே இருப்பவரால் வீடு திரும்ப முடியாது. நம் பிள்ளை வளர்ந்துவிடும். அவருக்கு அந்த அகலம் நாளைக்கும் வேண்டும். மாற்றுத்திறனாளி இடங்கள் நிரம்பி, அட்டை வைத்திருப்பவர் குடும்ப இடத்தில் நிறுத்தினால் முகம் சுளிக்க ஒன்றுமில்லை.

சாதாரண இடத்திலேயே கதவு அகலம் கிடைக்க வழிகள் உண்டு. வரிசையின் கடைசிக் கட்டத்தைத் தேடுங்கள். ஒரு பக்கம் புல்தரையோ திட்டோ இருக்கும், அந்தப் பக்கம் கதவை முழுதாகத் திறக்கலாம். குழந்தை சீட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப முன்னாலோ பின்னாலோ விட்டு நிறுத்துங்கள். தூணுக்குப் பக்கத்து இடமும் சில சமயம் உதவும், தூண் முன்கதவுப் பக்கம் வந்தால். இதெல்லாம் இல்லையென்றால் ஆள் வராத கடைசி வரிசைக்குப் போங்கள். இரண்டு நிமிஷ நடை, அவ்வளவுதான்.

இன்னொரு பெரியவர் கூட இருந்தால் நடைபாதை ஓரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அவரையும் குழந்தையையும் இறக்கிவிட்டு, பிறகு காரைக் கொண்டுபோய் எந்த இடுக்கிலும் நிறுத்தலாம். வெளியேறுகிற குடும்பத்துக்காகக் காத்திருக்கும்போது இண்டிகேட்டர் போட்டு, வழியை அடைக்காமல், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். முகத்துக்கு நேரே நின்று எஞ்சினை உறுமவிட்டால், பாவம், அந்த அம்மா பதறி வாரைச் சரியாகப் பூட்டாமலே கிளம்பிவிடுவார்.

படி 7: குழந்தையில்லாத ஒருவர் நிறுத்தியிருந்தால்

முதலில் நம் கண் பார்த்தது முழுக் கதையாக இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மழை நாளில் நான் மூன்று சுற்று சுற்றிவிட்டு, குடும்ப இடத்திலிருந்து ஒரு இளைஞர் தனியாக இறங்குவதைப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கி, "தம்பி, அது குழந்தைங்களுக்கான இடம்பா" என்றேன். குரலில் சூடு இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பின்கதவைத் திறந்து காலியான குழந்தை சீட்டை எடுத்துக் காட்டினார். அவர் மனைவி பச்சைக் குழந்தையோடு மருந்துக் கவுன்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் உள்ளே போனபோது பார்த்தேன். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைக்கா" என்றார். அந்த இரண்டு சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தெரியாமல் நிறுத்தியிருப்பார் என்று தோன்றி, ஆளும் காரிலேயே இருந்தால், ஒரு தடவை தன்மையாகக் கேட்கலாம். "சார், குழந்தையை இறக்கணும், கதவு திறக்க இடம் பத்தல. நீங்க வேற இடத்துக்கு மாத்திக்க முடியுமா?" இதில் அவர் செய்தது தப்பு என்ற பேச்சே இல்லை, நம் கஷ்டம் மட்டும்தான் இருக்கிறது. பெரும்பாலும் நகர்ந்துவிடுவார்கள். "போர்டு கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஆரம்பித்தால் தெரிந்தும் நிறுத்தியவர் முறைப்பார், தெரியாமல் நிறுத்தியவரும் முறைப்பார்.

முடியாது என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். குழந்தையைக் காரில் வைத்துக்கொண்டு வாக்குவாதம் வேண்டாம். கடையின் செக்யூரிட்டியிடமோ வாடிக்கையாளர் கவுன்டரிலோ காரின் நிறத்தையும் எண்ணையும் சொல்லுங்கள். இடம் அவர்களுடையது, கேட்கும் அதிகாரமும் அவர்களுடையது. நம் காரைக் குறுக்கே நிறுத்தி மறிப்பது, வைப்பரைத் தூக்கிவிடுவது, எண் தெரியப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடுவது எல்லாம் நம்மைத் தப்புக்காரராக்கும்.

நம்மையே யாராவது கேட்டால்? கோபப்படாமல் ஒரே வரியில் சொல்லுங்கள்: "குழந்தை உள்ளே இருக்கு, கூட்டிட்டுப் போக வந்தேன்." உடம்பு நிலை, கர்ப்பம், பிள்ளையின் நோய் பற்றியெல்லாம் வழிப்போக்கருக்கு விளக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. உண்மையிலேயே நாம் தப்பாக நிறுத்தியிருந்தால், "கவனிக்கல, எடுத்துடறேன்" என்று எடுத்துவிடுவோம்.

படி 8: கடை நடத்துகிறவர்களுக்கு

'குடும்பங்களுக்கு' என்று மட்டும் எழுதாதீர்கள். கணவன் மனைவி இருவர் மட்டும் வந்தாலும் குடும்பம்தான், 20 வயது மகனோடு வந்தாலும் குடும்பம்தான். 'குழந்தையோடு வருகிறவர்களுக்கு, கதவை முழுதாகத் திறக்க' என்று காரணத்தையே பலகையில் எழுதுங்கள். காரணம் தெரிந்தால் பாதிப் பேர் தாமாகவே ஒதுங்கிப்போவார்கள். கர்ப்பிணிகள் நிறுத்தலாமா, எந்த வயது வரை என்பதையும் சொல்லிவிடுங்கள். தரையில் வரைந்த படம் மழையிலும் இருட்டிலும் தெரியாது, கண் உயரத்தில் ஒரு பலகை அவசியம்.

இந்த இடங்களை வாசலை ஒட்டி வைத்தால் அவசரக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் மொய்ப்பார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி, நடைபாதையை ஒட்டி, டிராலி ஸ்டாண்டோடு சேர்த்து வையுங்கள். குழந்தை ஓடுபாதையைக் குறுக்கே கடக்காமல் கடைக்குள் வர முடிய வேண்டும். ஒழுங்கு மீறுகிறவரிடம் பேசும் வேலையை ஊழியர் ஒருவருக்கு ஒப்படையுங்கள். யாருக்கும் ஒப்படைக்காவிட்டால் அது வாடிக்கையாளர்களுக்குள் கைகலப்பில்தான் முடியும்.

படி 9: எப்போது அந்த இடத்தை விடுவது

பிறந்தநாள் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் காரைச் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தி, பிள்ளையை அந்தப் பக்கம் இறங்கச் சொல்லிப் பாருங்கள். தானே பெல்ட்டைக் கழற்றுகிறதா? கதவைச் சுவரில் இடிக்காமல் பிடித்துக்கொள்கிறதா? இறங்கியதும், நாம் சுற்றி வரும்வரை காரில் கை வைத்து நிற்கிறதா? சுவரில் கதவு படாமல் இருக்கப் பழைய பாய் ஒன்றைச் சாத்தி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை தொடர்ந்து சரியாக இறங்கிவிட்டால், அடுத்த வாரம் கடைக்குப் போகும்போது சாதாரண வரிசையில் நிறுத்தலாம்.